கொலுப் படியருகே ஒரு கணவாய்

நவராத்திரி வருகிறதென்றால் திருவனந்தபுரத்துத் தமிழர் இல்லங்களில் இரண்டு வேலைகள் தொடங்கும். பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்குவது பெரியோர் வேலை. படிக்கு முன்னால் ‘பார்க்’ கட்டுவது சிறுவர் வேலை. மணலைக் குவித்து, கடுகைத் தூவி, கிடைத்த பொம்மைகளை நிறுத்திவிட்டால் பூங்கா ஆயிற்று. யானையைவிடப் பெரிய கிளியும், வீட்டைவிட உயர்ந்த போலீஸ்காரரும் அங்கே அடுத்தடுத்து நிற்பர். அதிலும் ஓர் அழகு உண்டு. ஆயினும், ஒருமுறை பூங்காவுக்குப் பதிலாக ஒரு காட்டை, அதுவும் அளவு பிசகாத காட்டை, அமைத்துப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எந்தக் காடு என்று கேட்பீர்கள். ஆரியங்காவுக் கணவாயையே நாம் சொல்வோம். தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்த குடும்பங்கள் பல. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து மலையைக் குடைந்து 1904-இல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப் பாதையாக்குவதற்காக 2010-இல் மூடப்பட்ட மலைப்பகுதி 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ரயிலில் வருவோர் பதின்மூன்று கண் பாலத்தை எட்டிப் பார்ப்பர்; சாலையில் வருவோர் காட்டையும் சோதனைச் சாவடியையும் காண்பர். நமக்கு அந்தச் சாலையின் ஒரே ஒரு வளைவு போதும்.

இத்தகைய காட்சிப் பேழை புதியதன்று. பாரிஸ் நகரில் 1822-இல் தாகேர் என்பார், ஓவியத்தின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி மக்களை வியக்கச் செய்து, அதற்கு ‘டயோராமா’ என்று பெயரிட்டார். அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி 1890-இல் நீர்நிலை எலிகளை அவை வாழும் சூழலோடு அமைத்துக் காட்டினார். முன்னே மெய்ப்பொருள், பின்னே வளைந்த ஓவியத்திரை என்பதே இக்கலையின் அடிப்படை. நம் நகரில் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சியகத்துக்குக் குழந்தைகளை முதலில் அழைத்துச் செல்லுங்கள். பதப்படுத்திய விலங்குகளைக் கண்டால்தான் எது எவ்வளவு பெரிது என்பது மனத்தில் பதியும்.

இனி அளவுக்கு வருவோம். காட்டில் மரமும் பாறையும் எவ்வளவு பெரிது என்று கண்ணால் கணிப்பது அரிது. மனிதன் செய்த பொருள் ஒன்று அங்கே நின்றால் அதுவே அளவுகோலாகும். ஆகவேதான் ஒரு போலீஸ் ஜீப்பை நிறுத்தச் சொல்கிறோம். கடையில் கிடைக்கும் நல்ல உலோக வண்டிகளிற் பல 43-இல் ஒரு பங்கு அளவில் உள்ளவை. பிரிட்டனில் ரயில் மாதிரி செய்வோர் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கொண்ட கணக்கிலிருந்து வந்தது இவ்வளவு. இருப்புப்பாதை எழுத்தர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறு பெருமை.

ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுள்ள வண்டி இவ்வளவில் 9 சென்டிமீட்டர் சொச்சம் வரும். மனிதன் 4 சென்டிமீட்டர், 2.7 மீட்டர் உயர யானை 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 30 மீட்டர் மரமோ 70 சென்டிமீட்டர்! முளைவிட்டு 5 சென்டிமீட்டர் வளர்ந்த கடுகுப் பயிர் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட யானைப்புல்லுக்குச் சமம். அதைப் புல்தரையாகக் கருதலாகாது. வீட்டிலுள்ள பொம்மை வண்டி வேறு அளவாயின் 400-ஐ அதன் நீளத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 8 சென்டிமீட்டர் வண்டியெனில் 50-இல் ஒரு பங்கு. அதன்பின் மற்றவை யாவும் அக்கணக்கிலேயே நிற்கவேண்டும்.

90 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்று போதும். 43-இல் ஒரு பங்கு என்னும் கணக்கில், அது 39 மீட்டருக்கு 26 மீட்டர் நிலத்தையே குறிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி மேடு அமைத்து, மைதாப் பசை தோய்த்த தாள்களை மூன்று நான்கு அடுக்காக ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். மேலே பசை பூசிச் சலித்த செம்மண்ணைத் தூவுக. சாலைக்குக் கறுப்பு வண்ணத்தில் சாம்பலைக் கலக்கவேண்டும்; தனிக் கறுப்பு பொய்யாகத் தோன்றும். மரத்தூளை மூன்று வகைப் பச்சையில் தோய்த்து உலர்த்தினால் புல்லும் இலையும் ஆகும். தேங்காய் நார் கொடியாகும். முன்னிற்கும் மரங்களுக்கு அடிமரம் மட்டும் போதும்; அடர்ந்த காட்டுச் சாலையில் நிற்பவனுக்கு உச்சி தெரிவதில்லை. மேற்சட்டம் அதை மறைத்துக்கொள்ளும்.

மலையை மட்டும் அளவுப்படி கட்ட இயலாது. 1868 மீட்டர் உயர அகத்தியமலையை இக்கணக்கில் அமைத்தால் 43 மீட்டர் உயரம் வேண்டும்! ஆகையால் மலையை வளைத்த அட்டையில் தீட்டிவிடுவோம். தொலைவு கூடக்கூட நிறம் வெளிறி நீலமாகட்டும், மரங்கள் சிறுக்கட்டும். கண் தானே நம்பிவிடும்.

வண்டி ஏன் அங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். இரவு மழையில் ஒரு மரம் சாலையில் விழுந்திருக்கிறது. இரு காவலர் இறங்கி நோக்குகின்றனர். வளைவுக்கு அப்பால், அவர்கள் கண்ணிற் படாமல், ஒரு யானை தன் கன்றோடு கடக்கிறது. இவ்வளவு போதும். பார்ப்பவர் மிச்சக் கதையைத் தாமே சொல்லிக்கொள்வர்.

நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் தந்தையும் பத்து வயது மகளும் இவ்வாறு அமைத்தனர். அவள் மலையாளமும் ஆங்கிலமும் நன்றாக எழுதுவாள். தமிழ் அவளுக்குப் பேச்சளவில்தான். ஜீப்பின்மீது ‘போலீஸ்’ என்று மலையாளத்தில் எழுதிவிட்டு, “மலைக்கு அந்தப் பக்கமும் போலீஸ் வண்டி நிற்குமா, அப்பா?” என்றாளாம். “நிற்கும் அம்மா, அங்கே புளியரை. அந்த வண்டியில் வேறு எழுத்து இருக்கும்” என்றார் அவர். உடனே இன்னொரு வண்டி வேண்டுமென்றாள். தந்தை தாளில் எழுதிக் காட்டிய ‘காவல்’ என்னும் மூன்றெழுத்தை நாலைந்து முறை எழுதிப் பழகி, தூரிகையால் அவ்வண்டியில் தீட்டினாள். கொலுவுக்குத் தென்காசியிலிருந்து வந்த ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாய்விட்டு வாசித்தார். மறுநாள் அச்சிறுமி ஆச்சியின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாளாம்.

இரு வண்டிகள் எல்லையில் சந்திப்பது வெறுங் கற்பனையன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆயினும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளும் வழக்கம் நிற்கவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கின்றனர். எல்லை உண்டு, வழியும் உண்டு.

கொலு முடிந்ததும் காட்டைக் கலைத்துவிடாதீர்கள். மரங்களைக் கழற்றிப் பெட்டியிலிட்டு, பலகையைத் துணியால் மூடிப் பரணில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு மரத்தைக் கூட்டுங்கள்; அதன் பெயரைக் குழந்தையின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். தேக்கு, ஈட்டி, வேங்கை என்று ஆண்டுக்கொன்றாக எழுதினாலும் எழுத்துக்கள் சேர்ந்துவிடும்.