மரத்தை விட்டு இறங்காத மந்தி

பனவடலிசத்திரமும் சங்கரன்கோவில் வட்டாரமும் மழைமறைவு நிலங்கள். பனையும் உடைமரமும் மானாவாரிப் பயிர்களுமே நம் கண்களுக்குப் பழக்கமானவை. ஆனால் வானம் தெளிந்திருக்கும் நாள்களில் மேற்கே நீலக் கோடுபோல் தென்படும் மலைத்தொடரின் மடிப்புகளுக்குள், நம் ஊர்களில் எங்கும் காண முடியாத வேறோர் உலகம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இலை உதிராமல், கதிரவன் ஒளியும் தரையைத் தொடத் தயங்கும் அளவுக்கு அடர்ந்த மழைக்காடு அது. அக்காட்டின் உச்சிக் கிளைகளில் பிறந்து, அங்கேயே உண்டு உறங்கி, பெரும்பாலும் தரையில் கால் பதிக்காமலே ஆயுளைக் கழிக்கும் ஒரு குரங்கினம் உண்டு. அதுவே சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் அதனை அழைப்பர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மேற்கு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

மரவாழ் குரங்குகளைப் பற்றிப் பேசும்போது உலகோர் முதலில் நினைப்பது போர்னியோ, சுமத்திரா தீவுகளில் வாழும் ஒராங்குட்டானைத்தான். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் 'காட்டு மனிதன்' என்பது பொருள். ஒராங்குட்டான் வாலில்லாத மனிதக் குரங்கு. நம் சோலைமந்தியோ வாலுள்ள சிறு குரங்கு. குல முறையில் இரண்டும் வெகு தூரத்து உறவினரே. எனினும் வாழும் முறையிலும், உண்ணும் உணவிலும், இன்று அவற்றை எதிர்நோக்கும் ஆபத்திலும் இரண்டுக்கும் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. ஆகவே தொலைவிலுள்ள தீவுக்குச் செல்லுமுன், நம் மலையிலேயே இருப்பதை அறிந்து கொள்வது நலம்.

உருவமும் குடும்பமும்

உடல் முழுவதும் பளபளக்கும் கருமயிர். முகத்தைச் சுற்றி வெள்ளி நரை படர்ந்த பிடரி. வாலின் நுனியில் சிங்கத்தின் வாலைப் போன்ற சிறு குஞ்சம். இவையே சோலைமந்தியின் அடையாளங்கள். பிடரி ஆணுக்கு மட்டும் உரியதன்று, பெண்ணுக்கும் உண்டு. பிறந்த குட்டிக்கு அது இராது. சில மாதங்களில் வளரும். வளர்ந்த ஆண் 5 முதல் 10 கிலோ வரை எடை இருக்கும். பெண் அதனினும் சிறியது.

இவை கூட்டமாக வாழ்பவை. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் 10 முதல் 20 உறுப்பினர் இருப்பர். வளர்ந்த ஆண் ஒன்று, பல பெண்கள், அவற்றின் குட்டிகள் என்பதே வழக்கமான அமைப்பு. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. ஆண்களோ பருவம் எய்தியபின் பிறந்த கூட்டத்தை விட்டு அகல்கின்றன. தலைமை ஆண் அவ்வப்போது எழுப்பும் உரத்த கூவல் அடர்ந்த காட்டினூடே நெடுந்தொலைவு கேட்கும். 'இப்பகுதியில் நாங்கள் இருக்கிறோம்' என்று அண்டைக் கூட்டத்துக்கு அறிவிக்கும் குரல் அது. இதனால் வீண் சண்டை பெருமளவு தவிர்க்கப்படுகிறது. இவ்வகையில் ஒராங்குட்டான் முற்றிலும் வேறுபட்டது. வளர்ந்த ஆண் ஒராங்குட்டான் பெரும்பாலும் தனித்தே திரியும். தாயும் சேயுமே அதன் நிலையான குடும்பம்.

வெடிப்பலாவும் வேதனைப் புழுவும்

களக்காடு, முண்டந்துறை மலைகளில் இம்மந்தியின் வாழ்வு ஒரு மரத்தோடு நெருங்கிப் பிணைந்திருக்கிறது. அது வெடிப்பலா. அதன் பூக்கள் கிளைகளின்மீதே கொத்துக் கொத்தாக மலரும். மற்றக் கனிகள் அரிதாக இருக்கும் வறண்ட காலத்தில் அப்பூக்களின் சதைப்பற்றுள்ள புறவிதழ்கள் சோலைமந்திக்கும், கருமந்திக்கும், மலை அணிலுக்கும், வௌவாலுக்கும் உணவாகின்றன. பின்னர் முள் நிறைந்த காய்கள் தோன்றும். அம்முள்ளோட்டைப் பிளந்து உள்ளிருக்கும் கொட்டைகளை எடுத்துத் தின்னும் திறமை சோலைமந்திக்கு உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் புகழ்பெற்ற டுரியான் மரம் வெடிப்பலாவின் நெருங்கிய உறவு. ஒராங்குட்டானும் டுரியான் பழத்தைப் பெருவிருப்புடன் உண்பது என்பதை இங்கே நினைவுகூரலாம். ஒரே குலத்தைச் சேர்ந்த முட்கனிகள், கடல் கடந்த இரு நாடுகளில், இரு வேறு குரங்கினங்களுக்குச் சோறிடுகின்றன!

கனிகளோடு பூச்சிகளும் சிறு உயிர்களும் இதன் உணவில் இடம் பெறுகின்றன. தொட்டால் அரிப்பெடுக்கும் மயிர்ப்புழுவைப் பிடித்தால் இக்குரங்கு அப்படியே விழுங்கிவிடுவதில்லை. இலையொன்றைப் பறித்து, அதனுள் புழுவை வைத்துத் தேய்த்து, சுணையை அகற்றிய பின்பே உண்பதை ஆய்வாளர் நேரில் கண்டு எழுதியுள்ளனர். சுமத்திராவின் சில சதுப்புக் காடுகளில் வாழும் ஒராங்குட்டான்களும் இவ்வாறே குச்சியைச் சீவி, சுணை நிறைந்த ஒரு கனியின் பிளவுக்குள் விட்டு, விதைகளை நெம்பி எடுக்கின்றன. தாய் செய்வதைக் குட்டி பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்தே இத்தகைய திறன்களைக் கற்கிறது. எனவே தாயை இழந்த குட்டி பாலை மட்டும் இழப்பதில்லை, பள்ளியையும் இழக்கிறது.

மெல்லப் பெருகும் இனம்

சோலைமந்தியின் வாழ்வில் நாம் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: அது மிக மெதுவாகப் பெருகும் இனம். குற்றாலத்தில் நம் கையிலுள்ள பொட்டலத்தைப் பறிக்கும் நாட்டுக்குரங்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் குட்டி ஈனக்கூடியது. காட்டில் வாழும் பெண் சோலைமந்தியோ ஆறு வயதை ஒட்டியே முதற்குட்டியை ஈனுகிறது. கருக்காலம் ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டி பிறக்க இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகும். சுமார் 20 ஆண்டு வாழும் ஒரு பெண், தன் ஆயுளில் நான்கைந்து குட்டிகளைத் தந்தால் அதுவே மிகுதி. அவற்றுள்ளும் அனைத்தும் பிழைப்பதில்லை.

ஒராங்குட்டானின் நிலை இதனினும் கடுமை. இரு பேறுகளுக்கு இடையே ஏழெட்டு ஆண்டுகள் கழிகின்றன. பாலூட்டி இனங்களுள் இத்துணை நீண்ட இடைவெளி வேறெதற்கும் இல்லை எனலாம். ஆண்டுதோறும் குட்டி ஈனும் இனத்தில் பத்தை இழந்தால் சில ஆண்டுகளில் ஈடுசெய்து கொள்ளும். மெல்லப் பெருகும் இனத்தில் ஒரு தாயைச் சுட்டு வீழ்த்தினால், அந்த இழப்பை நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டே கருங்குரங்கு லேகியம் என்னும் பழைய வழக்கத்தையும் நோக்க வேண்டும். இளைப்புக்கும் மெலிவுக்கும் மருந்தென்று நம்பி, கருமந்தியைக் கொன்று லேகியம் செய்யும் வழக்கம் நம் மலையோரங்களில் நெடுநாள் இருந்தது. கருநிறம் கொண்ட சோலைமந்தியும் வேட்டைக்குத் தப்பவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. இன்று எவரேனும் அத்தகைய லேகியத்தை மறைவாக விற்க வந்தால், வாங்குவோரும் குற்றத்துக்குத் துணை போகிறவரே ஆவர்.

துண்டுபட்ட கூரை

மரத்திலேயே வாழும் உயிருக்குக் காட்டின் மேற்கூரையே தெரு. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டிருக்கும் வரையில் அதற்கு வழி உண்டு. இடையே ஒரு சாலையோ தோட்டமோ வந்துவிட்டால் அது நம்மிடையே பாலம் உடைந்த ஆறு போன்றது. 1970களில் நம் அசம்பு மலைக் காடுகளில் ஆய்வு நடத்திய ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி ஆகியோர், ஒரு கூட்டம் உணவு தேடச் சுமார் 5 சதுர கிலோமீட்டர் காடு வேண்டியிருப்பதைக் கண்டனர். இம்மந்தியைக் கருதியே 1976ஆம் ஆண்டில் களக்காடு சரணாலயம் அமைந்தது. பின்னர் 1988ஆம் ஆண்டில் அது முண்டந்துறையோடு இணைக்கப்பட்டுத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டித் தேக்கினால் மழைக்காடு மூழ்கும் என்ற நிலை எழுந்தபோது, இம்மந்தியே எதிர்ப்பியக்கத்தின் அடையாளமாயிற்று. 'மனிதனுக்கு மின்சாரம் முக்கியமா, குரங்குக்குக் காடு முக்கியமா?' என்று கேட்டோர் பலர். ஆயினும் காடு முழுவதன் மதிப்பும் எண்ணிப் பார்க்கப்பட்டது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எல்லா இடத்திலும் இவ்வாறு நேரவில்லை. வால்பாறை மேட்டுநிலத்தில் 1890கள் முதல் காடுகள் அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. எஞ்சிய புதுத்தோட்டம் என்னும் சிறு காட்டுத்துண்டில் சிக்கிய மந்திகள், உச்சிக் கிளையை விட்டுத் தரைக்கு இறங்கிவிட்டன. சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபட்டன. வீட்டுக் கூரைகளில் ஏறின. சமையலறைக்குள்ளும் குப்பைத் தொட்டிக்குள்ளும் உணவு தேடின. மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டி அவற்றுக்கு வழி அமைத்துத் தந்தனர் வன உயிர் ஆர்வலர். அப்பாலங்களை மந்திகள் பயன்படுத்துகின்றன என்பது ஆறுதல். எனினும் மனிதர் உணவின் சுவை கண்ட குரங்கைத் திரும்பக் கானகக் கனிக்குப் பழக்குவது எளிதன்று.

நம் பக்கத்து மலையிலும் இவ்வரலாறு உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டில் குத்தகைக்குப் பெற்ற காட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. 2024ஆம் ஆண்டில் அங்கே தேயிலைப் பணி முடிவுற்றது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தோர் பிழைப்பை இழந்து மலையிறங்க நேர்ந்த துயரத்தை நம்மில் பலர் அறிவர். காட்டை வெட்டத் தீர்மானித்தவர்கள் அவ்வேழைகள் அல்லர். காட்டை மீட்கும் பணி நல்லதே. ஆனால் அதன் பாரம் முழுவதும் கூலிக் குடும்பத்தின் தலைமேல் இறங்குவது நீதியாகாது. மந்திக்கு வீடு வேண்டும் என்று சொல்லும் வாய், மலையிறங்கிய மனிதருக்கும் வீடு வேண்டும் என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

நம் வீட்டில் தொடங்குவது

இன்று உலகில் எஞ்சியுள்ள சோலைமந்திகள் ஏறக்குறைய 4,000க்கு மேல் இரா என்று கணிக்கப்படுகிறது. அவற்றுள் முதிர்ந்தவை 2,500க்கும் குறைவு. நம் ஊர்த் திருவிழாவொன்றில் கூடும் கூட்டத்தைவிடச் சிறிய தொகை இது! இவை உண்ணும் கனிகளின் விதைகள் கன்னப்பையில் ஏறிப் பயணம் செய்து தொலைவில் துப்பப்படுகின்றன. அவ்விதைகளிலிருந்து காடு புதுப்பிக்கப்படுகிறது. அக்காடே பருவமழையைத் தாங்கிப் பிடித்து, கோடையிலும் தாமிரபரணிக்குச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுகிறது. அந்நீரை நம்பியே நெல்லைச் சீமையின் வயல்களும் வீடுகளும் இருக்கின்றன.

நம்மால் ஆகக்கூடியவை சிறியனவே, ஆயினும் பயனுள்ளவை. மலைக்குச் செல்லும்போது எவ்வகைக் குரங்குக்கும் வண்டியிலிருந்து தின்பண்டம் வீசாதிருப்போம். கொண்டு சென்ற பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டு வருவோம். மலைச்சாலையில் வண்டியை மெதுவாகச் செலுத்துமாறு ஓட்டுநரைக் கேட்டுக் கொள்வோம். குட்டிக் குரங்கை வீட்டில் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு, அந்தக் குட்டி தன் தாயிடம் இன்னும் எத்தனை பாடங்களைக் கற்க வேண்டியிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்வோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரே பிள்ளையைப் பெற்று, அதைக் கருத்தாக வளர்க்கும் அத்தாய்க்கு நாம் செய்யக்கூடிய பேருதவி, அவளை அவள் மரத்தில் இருக்க விடுவதே.