கடல் கடந்தாலும் எட்டும் குரல்



கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் வருவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பழனிக்கு நேர்த்திக்கடன், பாட்டனார் ஊரில் ஒரு திருமணம், மகனின் மேற்படிப்பு என்று காரணங்கள் பல. அப்படிப் போகிறவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இடையே பேச்சுத் தொடர்பு அறுந்துபோகாமல் காப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முன்பு ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்வந்த காலத்தில், ஏறியவரைப் பற்றிய செய்தி அறிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1973-ல் ரஜூலாவின் சேவை முடிந்தது. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. கப்பலில் உறவினர் இருந்த குடும்பங்கள் கடிதத்தையும் தந்தியையுமே நம்பியிருந்த காலம் அது. ஊரில் ஒரு சாவு என்றால், கடிதம் வந்து சேரும்போது கருமாதியே முடிந்திருக்கும். இன்று சட்டைப் பையில் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் அதன் போக்குத் தெரியாவிட்டால், வேண்டிய நேரத்தில் அது ஊமையாகிவிடும். அல்லது பணத்தைக் கரைத்துவிடும்.

வெளிநாட்டில் நம் எண் எப்படி வேலை செய்கிறது? ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்கு ஒருவர் மாறிப் போகிறார். அவருக்கு வரும் கடிதம் பழைய தோட்டத்து ஆபீசுக்கே வரும். கிராணி அதில் புது விலாசம் எழுதித் திருப்பி அனுப்புவார். கைத்தொலைபேசியிலும் இதுதான் நடக்கிறது. சென்னையில் இறங்கிக் கருவியைத் திறந்ததும், சிம் அட்டையில் உள்ள எண் அது மலேசிய அட்டை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அங்குள்ள நிறுவனம் உடனே மலேசிய நிறுவனத்தைக் கேட்கிறது. இங்கிருந்து ஒப்புதல் கிடைத்தால் இணைப்புக் கிடைக்கும். இதையே ரோமிங் என்கிறோம்.

கிள்ளானிலிருந்து மனைவி கூப்பிட்டால், அந்த அழைப்பு முதலில் மலேசிய நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்குத் திருப்பப்படுகிறது. அந்த இரண்டாம் பயணத்தின் செலவு போனவர் தலையில் விழுகிறது. அதனால்தான் ரோமிங்கில், கூப்பிட்டால் மட்டுமல்ல, வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகிறது. எடுக்காத அழைப்பு மலேசியாவிலுள்ள குரல் பெட்டிக்குத் திரும்பினால் அதற்கும் கட்டணம் விழலாம். ஆகவே புறப்படும் முன் குரல் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை இணையத் தரவு. நாம் தொடாவிட்டாலும் கருவி தானாகவே படங்களையும் காணொளிகளையும் இறக்கிக்கொண்டிருக்கும். ரோமிங் திட்டம் வாங்காதவர்கள், விமானம் ஏறும் முன்பே ‘டேட்டா ரோமிங்’ என்ற பொத்தானை அணைத்துவிட வேண்டும். தங்குமிடத்தில் வைஃபை இருந்தால், வாட்சப்பில் பேசுவதே சிக்கனம்.

சில நாள் பயணத்துக்கு, மலேசிய நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தை விலை கேட்டு வாங்கிக்கொள்வது எளிது. பல வாரம் தங்குவோர் இந்திய சிம் வாங்கலாம். அதற்குக் கடவுச்சீட்டும் விசாவும் காட்ட வேண்டும். இணைப்புக் கிடைக்கச் சற்று நேரம் ஆகும் என்பதால் முதல் நாளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். உறவினர் பெயரில் வாங்கிய அட்டையைக் கேட்டு வாங்காதீர்கள். அதில் ஏதும் வில்லங்கம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இந்திய அட்டை வாங்கினாலும் மலேசிய அட்டையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். வங்கி இரகசிய எண் அனுப்பினால், அது அந்த அட்டைக்குத்தான் வரும். இரண்டு அட்டை போடும் கருவியாக இருந்தால் நல்லது. முன்கட்டண எண்ணாக இருந்தால், திரும்பும் நாள்வரை காலாவதியாகாதபடி பணம் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். வாட்சப் ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து வேலை செய்யும்.

எண்களைச் சேமிக்கும் முறையும் முக்கியம். 012 என்று தொடங்கும் எண்ணை இந்திய அட்டையிலிருந்து அப்படியே அழைத்தால் கிடைக்காது. முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி, கூட்டல் குறியும் 60-ம் சேர்த்து, +60 12 என்று எழுத வேண்டும். இந்திய எண்ணுக்கு +91, பிறகு பத்து இலக்கங்கள். இப்படிச் சேமித்தால் எந்த நாட்டிலிருந்தும் ஒரே எண்ணே போதும்.

நேரக் கணக்கையும் மறக்கலாகாது. மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. மதுரையில் இரவு 10 மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிட்டால், இங்கே நள்ளிரவு 12.30. விடியற்காலையில் வேலைக்கு எழ வேண்டியவரை அப்போது எழுப்பலாமா? தினம் ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாலை 5.30 என்றால் இங்கே இரவு 8 மணி, இருவருக்கும் வசதி. கோயில்களுக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆகவே தரிசன வரிசையில் நிற்பவர் சில மணி நேரம் எடுக்காவிட்டால் வீட்டார் பதற வேண்டாம். போகிறவரும் ‘கோயிலுக்குள் போகிறேன்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டுப் போகலாம்.

கருவி தொலைந்தால் என்ன செய்வது? மனப்பாடமாக ஓர் எண்ணும் தெரியாதவர்கள் இன்று நம்மில் அதிகம். மகன், மகள், அண்டை வீட்டார் எண்களைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் கருவியின் 15 இலக்க அடையாள எண் தெரியும். அதை வீட்டில் எழுதி வைத்தால் போலீசில் புகார் கொடுக்க உதவும். இந்தியாவில் அவசர எண் 112. கடவுச்சீட்டே போய்விட்டால், சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு சொல். ‘உங்கள் மகன் விபத்தில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள்’ என்று தெரியாத எண்ணிலிருந்து குரல் வந்தால், கலங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் மகனின் எண்ணுக்கே கூப்பிடுங்கள். அது கிடைக்காவிட்டால் அவர் தங்கியிருக்கும் வீட்டாரைக் கேளுங்கள். அதற்காகவே அவர்கள் எண்ணையும் விலாசத்தையும் பயணத்துக்கு முன்னரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கட்டும் நாளுக்கு முந்தைய மாலை, குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அரை மணி நேரம் போதும்.