சிறுநீரகமும் செவியும்: சீன மருத்துவக் கொள்கையும் இன்றைய அறிவியலும்

ஓர் உறுப்பின் கேடு தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பில் வெளிப்படும் என்பது தொன்மையான மருத்துவ மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான கருத்தாகும். அவற்றுள் சீன மரபு, செவியைச் சிறுநீரகத்தோடு இணைத்துக் காண்கிறது.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பெற்ற ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ அம்மரபின் முதல்நூலாகும். சிறுநீரகத்தின் உயிராற்றல் செவியோடு தொடர்புடையது. அது சீராக இருப்பின் செவி ஐவகை இசையொலிகளையும் அறியும் என்பது அந்நூலின் கொள்கை. ஆகவே, முதுமையில் படிப்படியாகக் கேள்வித்திறன் குன்றுவதைச் சிறுநீரக ஆற்றலின் தளர்ச்சி எனச் சீன மருத்துவர் கருதினர். ஈண்டுச் சிறுநீரகம் என்பது உறுப்பை மட்டும் குறிப்பதன்று. வளர்ச்சியையும் முதுமையையும் ஆளும் ஆற்றலையும் குறிக்கும்.

இன்றைய அறிவியல் கூறுவது யாது? சிறுநீரக நோயும் செவிட்டுத்தன்மையும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை 1927இல் ஆல்போர்ட் என்னும் மருத்துவர் விளக்கினார். சிறுநீரக வடிகட்டியின் சவ்விலும் உட்செவியின் சவ்விலும் அமைந்துள்ள ஒரே வகைக் கொலாஜன் புரதத்தின் குறைபாடே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் இவ்விரண்டு உறுப்புகளையும் தாக்க வல்லன. சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடு, அளவு மிகுந்தால் கேள்வித்திறனைக் குறைக்கும். உப்புகளைக் கடத்தும் ஒத்த புரதங்கள் ஈரிடத்தும் இருப்பதே காரணம்.

இவ்வொப்புமை வியப்புக்குரியது, ஆயினும், பழங்கொள்கைக்கு அது சான்றாகிவிடாது. காதில் சீழ் வடிதல், பேரொலியால் நேரும் கேடு போன்றவற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பில்லை. காதிரைச்சலை அக்குபங்சர் நீக்கும் என்பதற்கும் உறுதியான சான்று கிட்டவில்லை.

சீன நாட்டிலேயே, காய்ச்சலுக்கு இடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகளால் குழந்தைகள் பலர் செவிப்புலனை இழந்தனர். இம்மருந்துகள் சிறிதளவில் கூடச் சிலரைச் செவிடாக்குவதற்குத் தாய்வழி வரும் ஒரு மரபணு மாற்றம் காரணம் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. சீனக் குடும்பங்களிலும் அது காணப்பட்டது. எனவே, தாய்வழி உறவினர் எவரேனும் ஊசிக்குப்பின் செவித்திறன் இழந்திருப்பின் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். சிறுநீரக நோயாளர் தம் செவியையும் சோதித்துக்கொள்ளல் நன்று. திடீரெனக் காது கேளாமற் போயின், மூலிகையை நம்பி நாள் கடத்தாது உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். காலந்தாழ்ந்தால் மீளும் வாய்ப்புக் குறையும்.

பழமையை இகழ்தலும் தவறு. ஆராயாது ஏற்றலும் தவறு. முன்னோர் எழுப்பிய வினாவுக்குச் சோதனை வழியே விடை காண்பதே அறிவுடைமையாகும்.