டிவிடிக் காட்சி தடைப்படுதலும் அதன் காரணமும்

காட்சியையும் ஒலியையும் ஒருங்கே பதிந்து வைத்தற்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் பெரிதும் கைக்கொண்ட பொருள்களுள் டிவிடி வட்டும் ஒன்று. இதனை இயக்கும் கருவி 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகட்குள் உலகெங்கும் பரவிற்று. இன்று திரைப்படங்கள் இணையத்தின் வழியே இல்லந்தோறும் வருதலின், வட்டினை விலைகொடுத்து வாங்குவார் அருகினர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டினை இடுதற்குரிய டிரைவும் இல்லை. ஆயினும், திருமணக் காட்சிகளும், கல்லூரி விழாக்களும், மறைந்த முதியோரின் குரலும் பதிந்த வட்டுக்கள் நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் பல உள. கடையில் விற்ற திரைப்படம் பழுதுற்றால் வேறொரு படி பெறலாம். பாட்டியார் தம் பேரனை அழைக்கும் குரலுக்கு வேறு படி யாண்டுளது?

இத்தகைய வட்டினைக் கணினியில் இட்டு நோக்குங்கால், சிலபோது காட்சி இடையறாது ஓடாமல் விட்டுவிட்டுச் செல்கின்றது. முகம் அசைவற்று நிற்பப் பேச்சு மட்டும் முன்செல்கின்றது. அல்லது இரண்டும் ஒருங்கே நின்று, பின்னர்த் துள்ளி எழுகின்றன. இது கண்டவருள் ஒருசாரார் வட்டுக் கெட்டதென்று அதனை எறிந்துவிடுகின்றனர். மற்றொருசாரார் கணினி பழையதென்று புதியது வாங்க எண்ணுகின்றனர். இருதிறத்தாரும் காரணம் நாடாது முடிபு கொள்வோரே. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு இதற்கும் பொருந்தும். ஆதலின் தடைக்குரிய காரணங்களையும், அவற்றைப் பிரித்தறியும் முறையினையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் வட்டின் இயல்பினை அறிதல் வேண்டும். அது 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையது. அதனுள் சுருள்போல் அமைந்த நுண்ணிய தடம் ஒன்று உளது. தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கிய ஒரு கூற்றினும் குறைவு. ஒருபுறத்தில் ஓர் அடுக்கு மட்டும் உடைய வட்டு 4.7 ஜிபி அளவு தரவினைக் கொள்ளும். டிரைவிலுள்ள செந்நிற லேசர் ஒளி அத்தடத்தினை உள்ளிருந்து புறநோக்கிப் படித்துச் செல்லும். படித்த தரவு கம்பியின் வழியே கணினியை அடையும். எம்பெக்-2 என்னும் முறையால் சுருக்கி வைத்த காட்சியைக் கணினி விரித்து, நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி ஒரு நொடிக்கு 25 படங்களாகத் திரைக்கு அனுப்பும். வட்டு, டிரைவ், வழி, விரித்தல், திரை என்னும் இவ்வைந்து நிலைகளுள் யாதானும் ஒன்றில் காலந்தாழ்த்தின், உரிய பொழுதில் படம் வந்து சேராது. முன்னைய படமே நிற்றலும், இடைப்பட்ட படங்கள் விடுபடுதலும் அதனால் நிகழும். நாம் தடை என்று காண்பது இதுவே.

இனி, இந்த வேலை கணினிக்குப் பெரிதோ எனின், அன்று. டிவிடிக் காட்சி மிகுதியாய் வேண்டும் தரவு நொடிக்கு ஏறத்தாழ 10 மெகாபிட் ஆகும். ஒரு மடங்கு வேகமுடைய டிரைவே நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபிட் தரவல்லது. பின்வந்தவை அதனினும் பன்மடங்கு விரைவுடையன. ஆதலின் கடந்த இருபது ஆண்டுகளில் செய்யப்பெற்ற கணினி ஒன்று டிவிடியினை ஓட்டமாட்டாது திணறுமாயின், அது பெரும்பாலும் அதன் ஆற்றற்குறை அன்று. எங்கோ ஒரு பழுது உளது என்பதே பெறப்படும்.

அப்பழுது எந்நிலையில் உளது என்று காண்டற்கு இரு சோதனைகள் போதும். முதலாவது, அவ்வட்டினையே மீண்டும் ஓட்டுக. பின்னர் வேறு வட்டுக்களையும் ஓட்டுக. ஒரு வட்டு மட்டும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடைப்படின் குற்றம் வட்டினதே. எல்லா வட்டுக்களும் தொடக்கம் முதல் முடிவுவரை தடைப்படின் குற்றம் கணினியினது. ஈண்டு ஒரு விலக்கு உண்டு: ஈரடுக்குத் திரைப்பட வட்டுக்களில் லேசர் ஓர் அடுக்கினின்று மற்றோர் அடுக்கிற்கு மாறும்போது ஒருமுறை இமைப்பொழுது நிற்றல் இயல்பே, அதனைப் பழுதென்று கொள்ளற்க.

இரண்டாவது, வீட்டில் பதிந்த வட்டிலுள்ள கோப்புக்கள் யாவற்றையும் ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, அப்படியினை ஓட்டுக. படி தடையின்றி ஓடுமாயின், விரித்தலிலும் திரையிலும் குற்றமில்லை. வட்டு, டிரைவ், வழி என்னும் முதல் மூன்றனுள் ஒன்றே காரணம். படியும் அவ்வாறே தடைப்படின், குற்றம் பின்னிரண்டு நிலைகளில் உளது. படியெடுக்கும் நேரமும் ஒரு சான்றாகும். ஒரு மணி நேரக் காட்சியைப் படியெடுக்க ஒரு மணிக்கு மேல் ஆகுமாயின், காட்சி வேண்டும் வேகத்தில் தரவு வந்து சேரவில்லை என்பது வெளிப்படை.

குற்றம் வட்டினதாயின், அதன் அடிப்புறத்தினை விளக்கொளியில் சாய்த்து நோக்குக. தூசியும் விரற்பதிவும் காணப்படின், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைத்தல் ஆகாது. என்னை? இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்னும் அறிஞர் இருவர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட பிழைதிருத்தும் கணக்குமுறை இவ்வட்டுக்களில் அமைந்துளது. சிறுசிறு இடங்களில் தரவு மறைந்தால் அம்முறை அதனை மீட்கும். தடத்திற்குக் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே மறைக்கும். தடத்தினை ஒட்டி நீளும் கீறலோ தொடர்ந்து பலவற்றை அழித்து, அம்முறையையும் வென்றுவிடும். மற்றும், வீட்டில் பதிந்த வட்டுக்களில் தரவினைத் தாங்குவது ஒருவகைச் சாயம். வெயிலிற் கிடப்பின் அது கெடும். ஒரு டிரைவ் படிக்க மறுத்த வட்டினை மற்றொரு டிரைவ் படித்தலும் உண்டு. ஆதலின் வேறொன்றில் இட்டுப் பாராமல் வட்டினைக் கைவிடல் தகாது.

வட்டுக்கள் யாவும் தடைப்படின் டிரைவினையும் வழியினையும் ஆராய்க. லேசரின் கண்ணாடியில் தூசி படிந்திருத்தல் கூடும். வெளியே இணைக்கும் டிரைவாயின், கணினியில் அது செருகப்பட்ட யூ.எஸ்.பி. வாயில் எத்தகையது என்று காண்க. முதல் தலைமுறை யூ.எஸ்.பி. நொடிக்கு 12 மெகாபிட் என்று சொல்லப்படினும், அம்முழுமையும் தரவிற்குக் கிடைப்பதில்லை. ஆதலின் டிவிடிக்கு அது போதாது. இரண்டாம் தலைமுறைக்கு உரியது 480 மெகாபிட். அது தாராளமாகப் போதும்.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி உடைய பழங்கணினிகளில் வியத்தகு காரணம் ஒன்று உண்டு. அவற்றில் டிரைவின் தரவு டி.எம்.ஏ. என்னும் முறையால், நடுச்செயலியின் உதவி பெரிதும் வேண்டாது நேரே நினைவகத்தை அடையும். படிக்குங்கால் பிழைகள் ஆறு நேர்ந்தவுடன் விண்டோஸ் அம்முறையின் வேகத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, முடிவில் பி.ஐ.ஓ. என்னும் பழைய முறைக்கு இறங்கிவிடும். அப்போது ஒவ்வொரு தரவினையும் நடுச்செயலியே சுமந்து செல்ல வேண்டுதலின், காட்சியை விரித்தற்கு அதற்கு ஓய்வில்லை. கீறலுற்ற வட்டு ஒன்று இந்நிலையை விளைத்துச் சென்றபின், நல்ல வட்டுக்களும் அக்கணினியில் தடைப்படும். சாதனங்களின் பட்டியலில் அந்த ஐ.டி.இ. வாயிலை நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கின், விண்டோஸ் அதனைப் புதிதாகக் கண்டு பழைய வேகத்தை மீட்கும்.

ஹார்டு டிஸ்கிலுள்ள படியும் தடைப்படுமாயின், உடன் ஓடும் பிற நிரல்களை மூடுக. வைரஸ் தேடும் நிரல் அவ்வேளையில் உழைத்துக்கொண்டிருத்தல் கூடும். மடிக்கணினியாயின் மின்சிக்கன நிலையை மாற்றுக; அந்நிலையில் நடுச்செயலி மெல்லவே இயங்கும். திரைக்குரிய டிரைவர் நிரலையும் புதுப்பிக்க. பின்னர் வேறொரு காட்சி நிரலால் ஓட்டிப் பார்க்க. 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10, டிவிடி ஓட்டும் நிரலைத் தன்னுடன் கொண்டுவரவில்லை. அக்குறையை நீக்கும் வி.எல்.சி. என்னும் நிரல் 1996ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர்களால் தொடங்கப்பெற்றது. 2001 முதல் யாவர்க்கும் விலையின்றிக் கிடைப்பது. மாணவர் கைவேலை உலகிற்குப் பயன்படுதலை இதன்கண் காண்கின்றோம். அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப்பற்கள் போன்ற கோடுகள் தோன்றுதல் தடை அன்று. தொலைக்காட்சிக்கென ஒவ்வொரு படத்தையும் இரு பாதிகளாகப் பிரித்து வைத்தமையின் விளைவு. அந்நிரலிலேயே அதனை நீக்கும் வசதி உண்டு.

இவற்றைச் செய்யுங்கால் ஒரு விதி மறவாது காக்கத்தக்கது: ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்க; செய்தபின் ஓட்டிப் பார்க்க. பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் தடை நீங்கினும் காரணத்தை அறியான். தடை மீண்டும் வரின் முதலிலிருந்தே தொடங்குவான்.

காட்சி செவ்வனே ஓடிய அன்றே, அரிய வட்டுக்கள் ஒவ்வொன்றையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைத்தல் வேண்டும். வட்டின் சாயம் ஆண்டுதோறும் மங்குகின்றது. அதனைப் படிக்கும் டிரைவும் அருகி வருகின்றது. பழைய மாணவர் பலர் இல்லங்களில் அவர்காலத்து விழாக்களும், ஆசிரியர்தம் சொற்பொழிவுகளும் பதிந்த வட்டுக்கள் இருத்தல் கூடும். தடைப்படுகின்றதென்று அவற்றை எறிந்துவிடாது, காரணம் நாடிச் சீர்செய்து, பின்வருவோர்க்கு அவற்றை வழங்குவாராக.