பத்தாம் நாள் ஜ்வரம்

ஜில்லா ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் மூன்று வருஷங்களுக்குள் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்படுமென்று மத்திய சர்க்கார் 2025-ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தனர். நல்ல ஏற்பாடுதான், மனமார வரவேற்கிறோம். ஆயினும் நாமக்கல் ஜில்லா கொல்லிமலையிலுள்ள அரியூர் நாட்டு ஜனங்களை மனத்தில் வைத்து இவ்விஷயத்தைச் சீர்தூக்கிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். காலையில் மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளி மாலையில் மலையேறிவிடுவார். அபாயமோ அன்று வருவதில்லை. ஒரு வாரம் கழித்தே வருகிறது.

காரணம் யாதெனில், கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பவை. புற்றுநோய் அணுக்களோடு, எலும்பு மஜ்ஜையில் இடையறாது உற்பத்தியாகும் வெள்ளை அணுக்களும் அழிகின்றன. நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுவே கிருமிகளை முதலில் எதிர்க்கும் காவற்படை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அது 1,500-க்குக் கீழிறங்கினால் குறைவு. 500-க்குக் கீழிறங்கினால் பேரபாயம். பல மருந்துகளில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொட்டு, பின்னர் மெல்ல ஏறும்.

அக்காலத்தில் கிருமி புகுந்தால் சீழ்கூடப் பிடிப்பதில்லை. சீழாகத் திரள்வதே இவ்வெள்ளை அணுக்கள்தாமே! ஜ்வரம் ஒன்றே பல சமயங்களில் முதல் அடையாளம். 100.4 டிகிரி பாரன்ஹீட் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். வந்த ஒரு மணி நேரத்திற்குள் கிருமிநாசினி மருந்தை ரத்தக்குழாயில் செலுத்த வேண்டுமென்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விதி. கொல்லிமலைப் பாதையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள்! நள்ளிரவில் அவற்றைக் கடப்பதற்குள் அந்த ஒரு மணி நேரம் என்னாவது?

வெள்ளை அணுக்களைப் பெருக்கும் பில்கிராஸ்டிம் என்னும் ஊசி மருந்து 1991-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நம் தேசத்திலும் தயாராகிறது. கீமோதெரபி முடிந்து 24 மணி நேரம் சென்ற பின்னரே அதைப் போடுவர். எல்லோருக்கும் அது தேவையன்று. ஜ்வர அபாயம் மிகுந்தவர்களுக்கே வைத்தியர் அதைத் தீர்மானிப்பார். அணுக்கள் தேறும்வரை அடுத்த தவணையை ஒத்திவைப்பதும், மருந்தின் அளவைக் குறைப்பதும் உண்டு. ஆனால் குணப்படுத்தக்கூடிய நோயில் அளவைக் குறைத்தால் சிகிச்சையின் பலனே குன்றக்கூடும்.

வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கனிகளை நன்றாகக் கழுவியும் உணவை நன்கு சமைத்தும் கொடுக்க. உஷ்ணத்தை அளக்காமல் பாராசிட்டமால் கொடுத்து ஜ்வரத்தை மறைக்கலாகாது. மூலிகைக்குப் பேர்போன மலையாயினும், வெள்ளை அணுவைக் கூட்டுமென்று நம்பி வைத்தியரறியாமல் கஷாயம் கொடுத்தல் தகாது. சில பச்சிலைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியவற்றையும் கூறுவோம். சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் ஓர் உஷ்ணமானியும், அபாய நாட்களைக் குறித்த தமிழ்ச் சீட்டும் தரப்பட வேண்டும். அந்நாட்களில் கிராம சுகாதார நர்ஸ் வீடு சென்று விசாரிக்க வேண்டும். மலைமீதே ரத்தத்தை எண்ணவும், ஆம்புலன்ஸ் புறப்படுமுன் கிருமிநாசினியின் முதல் வேளையைச் செலுத்தவும் இரவு பகலாக வசதி இருக்க வேண்டும். இவை பெருஞ்செலவுக் காரியங்களல்ல.

மதராஸ் வைத்தியக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் அவருடைய சகாக்களும் ஆக்கியளித்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் புற்றுநோயாளிகளுக்கு உதவுகிறது. இத்தகைய அறிவைப் பெற்றெடுத்த தேசத்தில், மலையுச்சியில் வசிக்கும் ஒரே காரணத்தால் ஒருவர் ஜ்வரத்துக்குப் பலியாவது நியாயமாகுமா? முதல் நாள் மருந்து கொடுக்க முன்வந்த சர்க்கார் பத்தாம் நாளுக்கும் பொறுப்பாளிகளே. பொதுஜன ஊழியர்கள் இதை ஓயாமல் வற்புறுத்த வேண்டும்.