காது மிஷின் ஏன் உறுத்துகிறது?

ஊத்துக்குளி, பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்குக் காது மந்தமாவது புதிதல்ல. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் நம் நாட்டு விதியின் உச்சவரம்பு. தறிக்கூடங்கள் அதைச் சுலபமாகத் தாண்டும். அப்புறம் காது மிஷின். மாட்டினால், “அரிக்குதுங்க, குத்துதுங்க” என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வெளிப்பகுதி குருத்தெலும்பு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உள்ளே போகப்போக எலும்பின்மேல் மெல்லிய தோல் மட்டுமே. மிஷினில் காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டின் முனை அங்கே பட்டாலே வலிக்கும். தாடை மூட்டும் பக்கத்திலேயே இருப்பதால், மெல்லும்போது குழாயின் வடிவம் மாறி மோல்டு உரசும்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். காதுமெழுகு லேசான அமிலம், பூஞ்சையை அண்டவிடாது. அடைத்த காதில் வியர்வை தேங்கினால் அந்தக் காப்பு தளர்ந்து, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை வளரும். அரிப்புக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்களே, தயவுசெய்து வேண்டாம்.

குத்தும் இடத்தை ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் வல்லுநர்) காட்டினால் மோல்டைத் தேய்த்துச் சரிசெய்வார். அதில் காற்றுத்துளை போட்டால் ஈரம் குறையும். சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்குவதும் தணியும். அக்ரிலிக் ஒவ்வாதவர்களுக்குச் சிலிக்கோன் மோல்டு உண்டு. இரவில் மிஷினைக் கழற்றி, துடைத்து, சிலிக்கா ஜெல் டப்பியில் வையுங்கள். சீழோ ரத்தமோ வந்தால் மாட்டாமல், நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.