ஏழு கிணறு: சென்னை இழந்த தண்ணீர்

மணவாள நகரில் வாழும் நமக்குப் பூண்டி நீர்த்தேக்கம் அண்டை வீடு போன்றது. சென்னைக்குக் குடிநீர் நம் பக்கத்திலிருந்து செல்கிறது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சிறு பெருமையும் உண்டு. அம்மாநகரத்திற்குச் சொந்தமாகவே ஒரு நீர்நிலையம் இருந்த வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சென்னையின் வடபகுதியில் தங்கசாலைக்கு அருகே ஏழு கிணறு என்று ஒரு பேட்டை இருக்கிறது. வள்ளலார் இராமலிங்க அடிகள் தம் இளமைப் பருவத்தைக் கழித்த வீராசாமிப் பிள்ளைத் தெரு அங்கேதான் உள்ளது. அப்பெயரைத் தினமும் உச்சரிப்பவர்கள்கூடக் கிணறுகள் எங்கே என்று கேட்பதில்லை.

அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நல்ல நீர் கிடையாது. கடலை ஒட்டிய மண். தோண்டினால் உப்புக் கரிக்கும். முற்றுகை நேர்ந்தால் பீரங்கிக்கு முன்னே தாகமே கோட்டையை வீழ்த்திவிடும் என்ற அச்சம் ஆங்கிலேயரை வாட்டியது. 1772ஆம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்கு நீர் வழங்கும் பொறுப்பை ஏற்றார். கோட்டைக்கு வடமேற்கே, கறுப்பர் நகரத்தின் எல்லையில், மணற்பாங்கான நிலத்தில் நல்ல ஊற்று இருப்பதைக் கண்டு பத்துக் கிணறுகளை வெட்டுவித்தார். அவற்றுள் ஏழே பயன்பட்டன. பேட்டைக்குப் பெயர் வந்த வகை இதுவே. ஏற்றமிட்டு இறைத்த நீர், மணலில் வடிந்து தெளிந்து, குழாய்களின் வழியே கோட்டையை அடைந்தது. சென்னையில் குழாய்த் தண்ணீரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்தக் குழாய் ஊர் மக்களை நோக்கித் திரும்பவில்லை என்பதை மறந்துவிடலாகாது. கிணற்றைச் சுற்றிக் குடியிருந்தோர் தத்தம் வீட்டுக் கிணற்றையும் குளத்தையும் நம்பியே காலந்தள்ளினர்.

1782இல் கம்பெனி அரசே நிலையத்தை எடுத்துக்கொண்டது. நிக்கோலஸ் என்ற பெயருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இக்கிணறுகளைக் கண்காணித்து வந்தனர். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில், கிணறுகளில் நஞ்சு கலக்கப் பெரும் பொருள் தருவதாக ஆசை காட்டியும் அக்குடும்பத்தின் முன்னோர் இணங்கவில்லை என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. கதை எப்படியிருப்பினும், ஒரு கோட்டையின் உயிர் ஏழு கிணற்றின் விளிம்பில் நின்றது என்பது மெய்.

நகரம் பெருகியது, ஏழு கிணறு போதவில்லை. அப்போது நகரத்தின் பார்வை நம் பக்கம் திரும்பியது. பிரேசர் என்னும் பொறியாளரின் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசத்தலை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினர். 1872இல் அந்நீர் திறந்த மண் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் சென்று, குழாய்களில் இறங்கியது. வழியெல்லாம் ஆடு மாடும் அழுக்கும் கலந்த நீர்! மூடிய கால்வாயும், மணல் வடிகட்டிகளும், இறைப்பு நிலையமும், உயர்ந்த இரும்புத் தொட்டியும் 1914இல்தான் வந்து சேர்ந்தன.

இடையே ஒரு செய்தி. அப்பணிகளில் ஈடுபட்ட மேட்லி என்னும் பொறியாளரின் பெயரால் தியாகராய நகரில் ஒரு சாலை உண்டு. அந்தத் தியாகராய நகரோ, 1923 முதல் மாம்பலத்துப் பெரிய ஏரியை வடித்துவிட்டு எழுப்பப்பட்டது. தண்ணீர் தந்தவரின் பெயர் ஏரியைத் தூர்த்த இடத்தில்! இதைக் கண்டு நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

அடுத்த தாகம் பூண்டிக்கு வந்தது. சென்னை மேயராயிருந்த தீரர் சத்தியமூர்த்தி அயராது பாடுபட்டதன் பயனாக 1940இல் கொசத்தலையின் குறுக்கே நீர்த்தேக்கத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பணி 1944இல் நிறைவுற்றது. அதைக் காண அவர் இல்லை. 1943 மார்ச்சு மாதத்தில் காலமாகிவிட்டார். அவர் பெயரையே நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது.

அந்நீருக்கு அடியில் திருவெண்பாக்கம் என்னும் பழம்பதி கிடக்கிறது. பார்வையிழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் அருளிய தலம் என்று சைவப் பெருமக்கள் போற்றும் ஊர் அது. தேக்கம் வந்தபோது கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் அமைக்க வேண்டியதாயிற்று. கற்களைக் கொண்டுபோகலாம், வயலையும் திண்ணையையும் எப்படிக் கொண்டுபோவது? ஒரு மாநகரத்தின் குடத்தை நிரப்ப ஒரு சிற்றூர் தன்னையே விட்டுக்கொடுத்தது. அதற்காக நகரத்தில் யாரேனும் நன்றி கூறினார்களா என்று நானறியேன்.

1996இல் கிருஷ்ணா நதி நீரும் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் தாகம் தீரவில்லை. மீஞ்சூர்ப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் அளவு மீறி இறைத்ததால் கடல் நீர் நிலத்தடிக்குள் புகுந்தது. நெல் விளைந்த நிலத்தின் கிணறுகள் உவராயின. கோட்டைக்குள் பேக்கர் காலத்தில் கரித்த அதே உப்பு இரு நூற்றாண்டு கழித்து நம் உழவர் வீட்டுக்கு வந்தது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. நம் மாவட்டத்து வயற்கிணறுகளில் இறைத்த நீரை ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலுமாகச் சென்னையை நோக்கி ஓடின.